நாலு மில்லிமீட்டர் சாய்ந்த கொம்பு

இதனால் சகலருக்கும், குறிப்பாக இடுப்பெலும்பு உள்ளவர்களுக்கு, அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாளுக்கு அடுத்தபடியாக வரலாற்றில் முக்கியமான நாள் வருகிற வியாழக்கிழமை. அன்று காலை பத்து மணிக்கு நமது மருத்துவமனையில், உடைந்த இடுப்புக் கிண்ணத்துக்குள், கணினியே வழிகாட்ட, எக்ஸ்ரே தொல்லை ஏதுமின்றித் திருகாணி செலுத்தப்படும். ‘தவறு’ என்ற சொல் அன்றோடு எலும்புப் பிரிவை விட்டு விடைபெறுகிறது. நோயாளி விழித்திருப்பார், பார்வையாளர்களைப் பார்த்துக் கையும் அசைப்பார். அனைவரும் பெரிய அரங்கின் திரையில் நேரலையாகக் காணலாம். பிஸ்கட் வழங்கப்படும்.

அறிவிப்பை எழுதியவர் எலும்புப் பிரிவின் தலைவர். பிஸ்கட் வரியை மட்டும் அலுவலகம் சேர்த்தது. கூட்டம் வந்தது அந்த வரிக்காகத்தான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அது வயிற்றெரிச்சல்.

தலைவருக்கு மருத்துவமனை முழுவதும் மில்லிமீட்டர் என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் மில்லிமீட்டரில் சொல்வார். மனைவி கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனபோதுகூட “இரண்டு மில்லிமீட்டர் விலகல், சரியாகிவிடும்” என்றாராம். கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். எறிவதில் மட்டும் அவருக்கு அளவு கணக்கு கிடையாது. ஆபரேஷன் தியேட்டரின் மேற்குச் சுவரில் பதினான்கு ஓடுகள் விரிசல் விட்டிருந்தன. புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு முதல் நாள் பாடமே எந்தப் பக்கம் குனிய வேண்டும் என்பதுதான்.

வரலாறு படைக்க ஓர் இடுப்பு குறைந்தது. அது திங்கட்கிழமை வந்து சேர்ந்தது.

இடுப்புக்குச் சொந்தக்காரர் இறைச்சிக்கடைக்காரர். ஐம்பது வயது. கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. தோள் முடிந்ததும் தலை. இருபத்தெட்டு வருடமாக ஒரே மரக்கட்டைக்கு முன்னால் நின்று வெட்டியவர். கடையில் அவருக்குக் கூட்டாளி அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. இருவரும் சேர்ந்து கடைக்குப் புதுப் பலகை எழுதக் கொடுத்தார்கள். பெயிண்டர் இருவர் முகத்தையும் வரைந்து, நடுவில் இரண்டு கத்திகளைக் குறுக்காக வைத்து, திங்கட்கிழமை காலை கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். மாமாவின் மீசையைவிட மச்சானின் மீசை ஒரு விரற்கடை நீளம்.

அப்போது இருவரும் வேனின் பின்பக்கத்தில் ஏறி நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“பெயிண்டர்கிட்ட நீ என்னடா சொன்ன?” என்றார் மாமா.

“உள்ளத உள்ளபடி வரையச் சொன்னேன் மாமா.”

“அப்ப எனக்கு மீசை இல்லையா?”

“இருக்கு. இல்லேன்னு யாரு சொன்னா? தேடினா கெடைக்கும்.”

மாமாவின் முதல் குத்து மச்சானின் வாயில் விழுந்தது. ஒரு பல் வேனுக்குள்ளேயே தங்கிவிட்டது. மச்சான் கைக்கு அகப்பட்ட முன்னங்கால் எலும்பை எடுத்து மாமாவின் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டான். மாமா அவன் தலைமுடியைப் பிடித்து, வேனுக்குள் தொங்கிக்கொண்டிருந்த விலாக்கூட்டில் மோதினார். மறுபடி மோதினார். விலா ஒன்று முறிந்தது. அது ஏற்கெனவே செத்துப்போன மாட்டின் விலா என்பதால் வழக்கில் சேரவில்லை. பிறகு மச்சான் இரண்டு கையையும் மாமாவின் நெஞ்சில் வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினான்.

மாமா பக்கவாட்டில் விழுந்தார். நடைபாதையின் சிமெண்டு விளிம்பு இடது இடுப்பை வரவேற்றது.

கடைக்குள்ளே வாளியில் கத்தி கழுவிக்கொண்டிருந்த மனைவி சத்தம் கேட்டு, “யாருடா அது, கட்டை இல்லாம வெட்டறது?” என்று கத்திக்கொண்டே வெளியே வந்தாள். எலும்பு முறிகிற சத்தத்தில் அந்தக் குடும்பத்துக்குத் தவறு வராது.

தரையில் கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். “தொடை இல்ல... பந்து நல்லாத்தான் இருக்கு... கிண்ணம்டி. கிண்ணம் போச்சு.”

மனைவி தம்பியைப் பார்த்தாள். வாளியைத் தண்ணீரோடு தூக்கி அவன் தலையில் அடித்தாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் அடித்தாள். கைப்பிடி கழன்று வந்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் அவர் சொன்னதையே சொன்னது, கூடுதல் ஆங்கிலத்தில். தொடை எலும்பின் பந்து, தான் உட்கார்ந்திருந்த கிண்ணத்தையே உள்ளிருந்து இடித்துப் பிளந்திருந்தது. முன்பக்கம் குறுக்காக ஒரு விரிசல். எலும்பு விலகவில்லை. நீளமான ஒரே திருகாணி போட்டு இறுக்கினால் போதும். மில்லிமீட்டர் படத்தைப் பார்த்து, நகைக்கடை வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

“அற்புதமான உடைசல்” என்றார் படுக்கையருகே வந்து.

“நிக்க முடியுமா சார்?” என்று கேட்டார் இறைச்சிக்கடைக்காரர்.

“நிக்கறதா? ஓடலாம்.”

“ஓட வேண்டாம். ஓடற சோலி என்னோட சரக்குக்குத்தான். எனக்கு நிக்கணும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். வெட்டுங்கறது கையில இல்ல சார். குதிகால்ல கெளம்பி, இடுப்பு வழியா ஏறி, தோள்ல வந்து எறங்கும். உக்காந்து வெட்டினா அது வெட்டு இல்ல, கொத்து. நான் நிக்கலேன்னா கட்டை என் மச்சான் கைக்குப் போயிடும். அதுக்கு நீங்க என்னைக் கீழ விழுந்த எடத்துலயே விட்டிருக்கலாம்.”

“கவலையே வேண்டாம். எங்கிட்ட இருக்கற மெஷின் ஒரு மில்லிமீட்டர் பிசகாது. இந்த எலும்புக்குள்ள பாதை ஒரு பென்சில் அகலம்தான். கொஞ்சம் கீழ போனா மூட்டுக்குள்ள ஏறிடும். கொஞ்சம் முன்னால போனா பெரிய ரத்தக்குழாய். உங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

“ஏன் புரியாது? அந்த எலும்ப தெனம் பத்து பொளக்கறேன்.”

“ஆட்டு இடுப்பும் மனுஷ இடுப்பும் ஒண்ணா?”

“ஆடு பேட்டி குடுக்காது. அவ்வளவுதான் சார் வித்தியாசம்.”

மில்லிமீட்டர் சிரிக்கவில்லை. தன்னுடையது அல்லாத நகைச்சுவைக்கு அவர் சிரிப்பதில்லை.

மறுநாள் மச்சான் பார்க்க வந்தான். முகம் ஒரு பக்கம் வாளியின் வடிவத்தில் வீங்கியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, “நீங்க நிதானமா வாங்க மாமா. ஒரு வருஷம் ஆனாலும் சரி. கட்டைய நான் பாத்துக்கறேன்” என்றான், மிகுந்த பாசத்தோடு. மாமா பதிலுக்குச் சிறுநீர்க் குடுவையை எறிந்தார். அது நிறைந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இன்றும் இருவரையும் மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது.

தியேட்டருக்குள் நடக்கப்போவதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைத் தெரிந்துகொண்டால் போதும். அது கொம்பு. அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் உண்டு; தியேட்டரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. கையளவு நீளமுள்ள ஓர் உலோகக் கம்பு. நுனியில் பளபளவென்று மூன்று உருண்டைகள். இதை நோயாளியின் இடுப்பெலும்பில் துளையிட்டு நட்டுவிடுவார்கள். மேலே தொங்குகிற கேமரா அந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு தடவை உடம்பைச் சுற்றிப் படமெடுத்து, ‘கொம்பு இங்கே, எலும்பு அங்கே’ என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு டாக்டர் கையில் இருக்கிற டிரில் எலும்புக்குள் எங்கே போகிறது என்று திரையில் காட்டிக்கொண்டே வரும். சரியாக இருந்தால் பச்சை.

இயந்திரம் எலும்பைப் பார்ப்பதில்லை, கொம்பைத்தான் பார்க்கிறது. கொம்பு கொஞ்சம் சாய்ந்தால், இயந்திரத்தைப் பொறுத்தவரை நோயாளியின் இடுப்பே எழுந்து நகர்ந்துவிட்டது. உண்மையான இடுப்பு பழைய இடத்திலேயே கிடக்கும். திரையோ பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

பத்து மணிக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு துணித்திரை. இடது கை பலகையில் பட்டையால் கட்டப்பட்டது. வலது கையையும் கட்டப்போன மயக்க டாக்டரை மில்லிமீட்டர் தடுத்தார்.

“அத விடுங்க. அவர் கை அசைக்கணும்.”

“சார், கையைக் கட்டறதுதான் வழக்கம்.”

“வழக்கத்தை உடைக்கத்தான் இன்னிக்குக் கூடியிருக்கோம்.”

நோயாளியின் சட்டையில் ஒரு மைக் குத்தினார்கள். அரங்கில் இருநூறு பேர் பிஸ்கட்டோடு காத்திருந்தார்கள். முதல் வரிசையில் மனைவி. இரண்டு நாற்காலி தள்ளி மச்சான். நடுவில் பாதுகாப்புக்காக ஒரு காவலாளி.

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார் மில்லிமீட்டர், கேமராவைப் பார்த்து.

“படுத்திருக்கேன்” என்றார் இறைச்சிக்கடைக்காரர். கையை அசைத்தார். அரங்கம் கைதட்டியது.

மேஜையைச் சுற்றி இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருவர் துணை டாக்டர். மில்லிமீட்டர் பெயரில் பதினோரு வருடமாக வெளிவந்த நல்ல ஆபரேஷன்களையெல்லாம் செய்தவர். மற்றவர் எக்ஸ்ரே அக்கா. அவரைவிட வயதில் மூத்த மில்லிமீட்டர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு, தன்னுடைய பழைய எக்ஸ்ரே இயந்திரத்தோடு ஓரமாக நின்றார். இன்று அவருக்கு வேலை இல்லை. கொம்பை இயந்திரத்துக்கு அறிமுகப்படுத்த ஒரே ஒரு தடவை படமெடுத்துக் கொடுத்தாயிற்று. கண்காட்சிக்கு வந்தவர் மாதிரி நிற்கும்படி உத்தரவு.

மில்லிமீட்டர் ஏற்கெனவே நட்டிருந்த கொம்பின் பக்கத்தில் வந்து நின்றார். டிரில்லைக் கையில் எடுத்தார். உடனே குத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் முதலில் பேசினார்.

“நண்பர்களே, இந்த அறையில், பிழை என்ற ஒன்றுக்கு,” என்று நிறுத்தி, இரண்டு கைகளையும் அகல விரித்து, “இடமே இல்லை!” என்றார்.

விரித்த இடது முழங்கை கொம்பில் இடித்தது. டிங் என்று ஒரு சத்தம். மூன்று உருண்டைகளும் ஒரு தடவை நடுங்கி நின்றன. துணை டாக்டர் பார்த்தார். வாயைத் திறந்தார். பதினோரு வருடப் பழக்கத்தில் மூடிக்கொண்டார்.

“சார், கொம்பு ஆடிச்சு” என்றார் எக்ஸ்ரே அக்கா.

“என்னது?”

“கொம்பு. உங்க முழங்கை பட்டுச்சு.”

“என் முழங்கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“முழங்கை இருக்கற எடம் எல்லாருக்கும் தெரியுது சார். எலும்பு இருக்கற எடம்தான் இப்ப மெஷினுக்குத் தெரியாது.”

“திரையப் பாரு. பச்சை! பச்சைன்னா என்ன அர்த்தம்?”

“கொம்பு தெரியுதுன்னு அர்த்தம். ஒரே ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம் சார். ரெண்டு செகண்டு.”

“எக்ஸ்ரே இல்லாமன்னு அறிவிப்புல போட்டிருக்கு! இருநூறு பேர் பாத்துட்டிருக்காங்க. கொம்பு இங்க ஆடல. உனக்குத்தான் புதுசா முளைச்சிருக்கு!” என்ற மில்லிமீட்டர், தட்டிலிருந்த சுத்தியலை எடுத்து எறிந்தார்.

அது எக்ஸ்ரே அக்காவின் ஈயக் கவசத்தில் நெஞ்சுக்கு நேராகப் பட்டு, கோயில் மணி மாதிரி ஒலித்துவிட்டுக் கீழே விழுந்தது. அக்கா ஓர் அடி பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார். அரங்கில் இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மில்லிமீட்டர் அடிவயிற்றின் ஓரத்தில் கீறினார். டிரில்லின் முனையில் இருந்த, திருகாணிக்கு வழி போடுகிற மெல்லிய கம்பியை உள்ளே நுழைத்து எலும்பில் ஊன்றினார். பச்சை. அழுத்தினார். கர்ரென்று எலும்பு அரைபட்டது. கீறலிலிருந்து ரத்தமும் எலும்புத்தூளும் சேர்ந்த சிவப்புச் சேறு வழிந்து துணியில் பரவியது. அரங்கில் முன்வரிசைக்காரர் ஒருவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

“பாருங்கள், கம்பி பாதையின் நட்டநடுவில் போகிறது” என்றார் மில்லிமீட்டர். திரையில் அப்படித்தான் போனது.

மரத்துப்போன உடம்பில் வலி இல்லை. ஆனால் அதிர்வு விலாவரைக்கும் ஏறி வந்தது. சத்தமும் வந்தது. துணித்திரைக்கு இந்தப் பக்கம் இறைச்சிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“சார், நிறுத்துங்க.”

“வலிக்குதா?”

“வலிக்கல. எலும்பு முடிஞ்சுபோச்சு.”

“முடியல. இன்னும் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் இருக்கு.”

“எலும்புன்னா கர்ருன்னு கேக்கும். இப்ப சத்தம் செத்துப்போச்சு பாருங்க. இது குருத்தெலும்பு சார். மூட்டுக்குள்ள ஏறிட்டீங்க.”

மைக் வழியாக இது அரங்கு முழுக்கக் கேட்டது. மனைவி எழுந்து நின்றுவிட்டாள். “அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்! எடுடா கம்பிய!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

“இவருக்குத் தூக்கத்துக்கு ஏதாவது குடுங்க” என்றார் மில்லிமீட்டர் மயக்க டாக்டரிடம். டிரில்லை இன்னும் ஊன்றி அழுத்துவதற்காக நன்றாகக் குனிந்தார்.

துணித்திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. வரலாற்றுக்குக் கை அசைப்பதற்காகக் கட்டாமல் விடப்பட்ட வலது கை. தினமும் ஒரு மாட்டைத் துண்டு போடுகிற கை. அது மில்லிமீட்டரின் குரல்வளையைச் சரியாக, திரையின் உதவி எதுவும் இல்லாமல், முதல் முயற்சியிலேயே பிடித்தது.

பிடித்துக் கீழே இழுத்தது. மில்லிமீட்டரின் முகம் மஞ்சள் மருந்து பூசிய வயிற்றில் போய் அப்பியது. டிரில் கையை விட்டு நழுவ, இழுபட்ட கம்பி வெளியே துள்ளி, துணை டாக்டரின் கையுறையைக் கிழித்து, உள்ளங்கையிலும் ஒரு கோடு போட்டது. மயக்க டாக்டர் பிடியை விடுவிக்க ஓடிவந்தார். மில்லிமீட்டரின் உதறலில் அவருடைய மூக்கு உடைந்தது. கத்தி, இடுக்கி, திருகாணிகள் எல்லாம் தட்டோடு தரையில் கொட்டின. மில்லிமீட்டர் கையை உதறினார், காலை உதறினார். முகம் சிவப்பாகி, நீலமாகி, அவருடைய இயந்திரத்தில் இல்லாத ஒரு நிறத்துக்கு வந்தது.

“விடுங்க! செத்துடுவாரு!” என்று அலறினார் மயக்க டாக்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

“படம் எடுக்கச் சொல்லு, விடறேன்” என்றார் இறைச்சிக்கடைக்காரர்.

அப்போது துணை டாக்டர் பேசினார். பதினோரு வருடத்துக்குச் சேர்த்துவைத்ததில் மூன்றே சொற்கள். “அக்கா, படம் எடுங்க.”

எக்ஸ்ரே அக்கா தன் பழைய இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, மிதியில் காலை வைத்தார். அதன் சின்னத் திரையில் கறுப்பு வெள்ளையாக ஓர் இடுப்பு தெரிந்தது. கம்பி போன துளை எலும்புப் பாதையைத் தொட்டுக்கொண்டு கிளம்பி, கீழ்நோக்கிச் சாய்ந்து, கிண்ணத்தைத் துளைத்து, பந்தின் தலையில் போய் முடிந்திருந்தது. பெரிய திரை இன்னும் பச்சையாக இருந்தது.

“சொன்னேன்ல?” என்று கையை விட்டார் இறைச்சிக்கடைக்காரர்.

மில்லிமீட்டர் தரையில் உட்கார்ந்து இருமினார். எழுந்து, டிரில்லை எடுக்கக் கையை நீட்டினார்.

“சார், தொடாதீங்க” என்றார் துணை டாக்டர், புதுக் கையுறை மாட்டிக்கொண்டே. “கட்டாத கையைத் தொட்டுட்டீங்க. உங்களுக்குச் சுத்தம் போச்சு. வெளிய போங்க.”

“நான் தலைவர்!”

“தலைவருக்கும் கிருமி உண்டு சார்.”

சுத்தம் போனவர் வெளியேற வேண்டும் என்பது மில்லிமீட்டரே எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த விதி. வேறு வழியில்லாமல் போனார். போனவர் நேராக அரங்கத்துக்குப் போனார். நடந்தது பாதுகாப்பு ஒத்திகை என்று விளக்கிவிடலாம் என்பது திட்டம். அரங்கில் காவலாளியின் தொப்பி தரையில் கிடந்தது. காவலாளியும் அதன் பக்கத்தில் கிடந்தார். மேடையில் மச்சான் ஒலிபெருக்கியைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்துக்கொண்டிருந்தான்.

“நண்பர்களே,” என்று ஆரம்பித்தார் மில்லிமீட்டர், கம்மிய தொண்டையில்.

மச்சான் திரும்பினான். “எங்க மாமா இடுப்ப ஒடைக்கறதுன்னா அத நான் ஒடைப்பேன்! நீ யாருடா நடுவுல?” என்றான். பிறகு விட்ட அறையில் மில்லிமீட்டரின் கண்ணாடி மூன்றாவது வரிசைக்குப் போனது. இரண்டாவது குத்து தாடையில். மூன்றாவதை மனைவி வந்து தடுத்தாள். தம்பியைக் காப்பாற்ற அல்ல. “தள்ளுடா, நீ குடுத்தது போதும். ஒண்ணு எனக்கு வேணும்” என்றாள். அவளிடம் வாளி இல்லை என்பது மருத்துவ உலகம் செய்த புண்ணியம்.

தியேட்டரில் மறுபடி அமைதி வந்தது. துணை டாக்டர் பழைய முறைப்படி தொடங்கினார். அக்கா ஒரு கோணத்தில் ஒரு படம் எடுப்பார், இயந்திரத்தைச் சாய்த்து இன்னொரு படம். கம்பியைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு; மறுபடி படம். ஆணியைச் சுவரில் அடிப்பதைவிட மெதுவாக, ஆனால் அதைப்போலவே முரட்டுத்தனமாக. ஒவ்வொரு தட்டுக்கும் நோயாளியின் உடம்பு முழுவதும் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“ஐயா, தூங்கறீங்களா?”

“இல்லம்மா.”

“இப்ப என்ன சத்தம்?”

“எலும்பு.”

டக்.

“இப்ப?”

“எலும்பு. கொஞ்சம் கெட்டி.”

டக்.

“எலும்பு... எலும்பு... அங்கதான், விடாதீங்க... எலும்பு.”

இருபத்தேழு நிமிடத்தில் கம்பி பாதையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் திருகாணியை ஏற்றி இறுக்கினார்கள். விரிசல் மூடிக்கொண்டது. இரண்டு கோணத்திலும் படம் பார்த்து, அக்கா ஒருமுறை தலையசைத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

“டாக்டரம்மா, நான் நிப்பேனா?” என்று கேட்டார் இறைச்சிக்கடைக்காரர்.

“ஸ்க்ரூ சரியான எடத்துல இருக்கு.”

“நான் அதக் கேக்கல.”

துணை டாக்டர் துணித்திரையை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தார். “மொதக் கம்பி குருத்தக் கீறியிருக்கு. பந்துலயும் பட்டிருக்கு. எவ்வளவுன்னு நீங்க நின்னாத்தான் தெரியும்.”

குருத்து கீறிய மூட்டு எப்படியிருக்கும் என்பது இறைச்சிக்கடைக்காரருக்குத் தெரியாததல்ல.

விசாரணைக்கு ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு ஒன்பது முறை கூடியது. கொம்பு ஆடியதா என்பதில் மூன்று கூட்டங்கள் போயின. ‘ஆடியது’ என்பதா ‘ஆட்டப்பட்டது’ என்பதா என்பதில் நாலு கூட்டங்கள். கடைசியில், கொம்பு நாலு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது என்றும், அதற்கு யாரும் பொறுப்பல்ல என்றும், இனிமேல் நோயாளிகளின் இரண்டு கைகளையும் கட்ட வேண்டும் என்றும் ஒருமனதாக முடிவானது. முழங்கைகளைப் பற்றிப் பரிந்துரை எதுவும் இல்லை.

எக்ஸ்ரே அக்கா நெஞ்சுப் படம் எடுக்கும் பகுதிக்கு மாற்றப்பட்டார். உத்தரவில்லாமல் படம் எடுத்தது குற்றம். துணை டாக்டர் அந்தத் திருகாணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்; அது மில்லிமீட்டர் பெயரை முதலில் போட்டு வெளிவந்தது. கணினி வழிகாட்டு அறுவை முன்னோடி என்ற விருதை மில்லிமீட்டர் கழுத்துப் பட்டையோடு மேடையேறி வாங்கிக்கொண்டார். ஏற்புரையில், மருத்துவத்துக்காகத் தாம் ரத்தம் சிந்தியதாகச் சொன்னார். அது மயக்க டாக்டரின் ரத்தம், மூக்கிலிருந்து வந்தது.

எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. அந்த எக்ஸ்ரே படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, எலும்புப் பிரிவின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். ‘திருகாணி மிகச் சரியான இடத்தில் உள்ளது’ என்று அடியில் பொன்னெழுத்து. மற்ற மருத்துவமனைகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மூட்டு வலிக்குக் காரணம் மச்சான் தள்ளியதுதான் என்கிறது மருத்துவமனை. கம்பி குத்தியதுதான் என்கிறான் மச்சான். இதைப்பற்றி இதுவரை இரண்டு வழக்குகளும் மூன்று கைகலப்புகளும் நடந்திருக்கின்றன.

இறைச்சிக்கடைக்காரர் உட்கார்ந்து வெட்டுகிறார்.